வால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: நெல்லைச் சீமையிலிருந்து

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி வட்டாரங்களில் கால்நடை ஆய்வாளராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யார் வீட்டுத் தொழுவுக்குப் போனாலும் முதலில் வாலைப் பார்ப்பேன். அதைக் கவனித்தவர்கள் கேட்ட கேள்விகள், டீக்கடையில் கேட்டவை, பேரப்பிள்ளைகள் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மாட்டு வாலில் ஆரம்பித்து நம் பேச்சில் இருக்கிற வால் வரைக்கும் போகும்.

அண்ணாச்சி, மாட்டின் முகத்தைப் பார்க்காமல் வாலை ஏன் பார்க்கிறீர்கள்?

வாயில்லா ஜீவன் என்று மாட்டைச் சொல்கிறோம். அது வாலால் பேசுகிறது. சுகமாக அசைபோடுகிற மாட்டின் வால் சும்மா தொங்கும். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துக்குச் சரியாகப் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பும். ஈயே இல்லாத நேரத்திலும் இரண்டு பக்கமும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் வயிற்றுவலி இருக்குமோ என்று பார்ப்பேன். கூடவே பின்னங்காலால் வயிற்றை உதைத்தால் அநேகமாக வலிதான். வாலைக் கவட்டைக்குள் இடுக்கி, முதுகைக் கூனி நின்றால் வலியோ காய்ச்சலோ பயமோ இருக்கிறது. வால் முடியில் சாணி அப்பிக் காய்ந்திருந்தால் கழிச்சல்.

பருவத்துக்கு வந்த பசுவிடம் கண்ணாடி மாதிரித் தெளிந்த வழும்பு கயிறுபோலத் தொங்கி வாலில் ஒட்டியிருக்கும். காலையில் பார்த்தால் அன்று சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலையில் ஊசி. இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருந்தாலே பல வீடுகளில் மாடு சினை தங்காமல் வீணாகப் போகிற மாதங்கள் மிச்சமாகும்.

நாடியும் வாலில்தான் இருக்கிறது. வாலின் வேரிலிருந்து நாலு விரல்கிடை தள்ளி, அடிப்புறத்தில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதில் இரண்டு விரலை அழுத்தாமல் வைத்துக்கொண்டு மாட்டோடு சேர்ந்து சும்மா நிற்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அடியில் யாரோ மெல்லத் தட்டுகிற மாதிரி வரும். வளர்ந்த மாட்டுக்கு நிமிஷத்துக்கு 50 முதல் 80 வரை இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதைக் கற்றுத் தந்த பெரியவர், "அவசரப்பட்டா ஒன் நாடிதான்டே கேக்கும், மாட்டு நாடி கேக்காது" என்றார். இன்றைக்கும் வாலில் கை வைக்கும்போது அவர் குரல் வருகிறது.

வண்டி மாட்டின் வாலை முறுக்கினால் வேகமாகப் போகுமா?

போகும், வலி தாங்காமல். மாட்டு வாலுக்குள் 18 முதல் 20 வரை சிறுசிறு எலும்புகள் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கின்றன. முறுக்க முறுக்க அந்தக் கண்ணிகள் நழுவும், உடையும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் நடுவில் முடிச்சு விழுந்த மாதிரி வால் உள்ள காளைகளைப் பார்த்திருக்கிறேன். தடவிப் பார்த்தால் எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருப்பது கைக்குத் தெரியும். ஒரு காளையின் வால் பாதிக்குக் கீழே செத்துப்போய் அசையாமல் தொங்கியது. மேல்பாதி ஈயை விரட்டப் பார்க்கிறது, கீழ்பாதி கூட வரவில்லை. அந்தக் காளையின் பின்தொடை முழுக்க ஈ.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பாரத்தைக் குறையுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது, வீணாக வலி கொடுப்பது குற்றம். ஜல்லிக்கட்டிலும் திமிலைத்தான் பிடிக்க வேண்டும், வாலைப் பிடிக்கக்கூடாது. இதைச் சொன்னால் "எங்க தாத்தா காலத்துல இருந்து முறுக்குதோம்" என்று பதில் வரும். நல்ல வண்டிக்காரத் தாத்தாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பார்கள், மாடு நடக்கும்.

"தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது" என்கிறார்களே, தும்பு என்றால் என்ன?

மாட்டைக் கட்டுகிற கயிறு. தும்பைப் பிடித்திருந்தால் மாட்டின் தலை உங்கள் கையில் இருக்கிறது. அதை நழுவவிட்டு, ஓடுகிற மாட்டின் வாலை எட்டிப் பிடித்தால் மாடு நிற்காது, உங்களை இழுத்துக்கொண்டு போகும். பின்னங்காலால் ஓர் உதையும் கிடைக்கும்.

இது எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. பால் பீய்ச்ச உட்காரும்போது கன்றின் தும்பை என் தங்கச்சி பிடித்திருப்பாள். ஒரு நாள் கவனம் எங்கோ போய்விட்டது. கன்று முட்டி மோதிக்கொண்டு மடியில் வாய் வைத்துவிட்டது. அவள் ஓடிப்போய் வாலைப் பிடித்து இழுத்தாள். கன்றுக்கு வால் போனாலும் போகட்டும், பால்தான் முக்கியம். அன்றைக்குக் காப்பிக்குப் பால் இல்லை. வருகிற காரியத்தை முன்கூட்டியே பார்க்காமல், கை மீறிப் போனபிறகு பின்னால் ஓடுவதைத்தான் இந்தச் சொல்வடை சொல்கிறது. தொழுவைத் தெரியாதவர்களும் இதைச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நாய் வாலாட்டினால் கடிக்காது என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம். வாலாட்டுகிற நாய் ஏதோ ஒரு பரபரப்பில் இருக்கிறது, அவ்வளவுதான் உறுதி. உடம்பு முழுக்க நெளிய, இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடினால் பிரியம். உடம்பு விறைத்து நிற்க, வால் உயரமாக எழும்பி நுனி மட்டும் படபடவென்று ஆடினால் விலகி நில்லுங்கள். வாலை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்ட நாய் பயந்திருக்கிறது. மூலையில் மாட்டிய பயந்த நாயும் கடிக்கும்.

இத்தாலியில் பாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2007-ல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். எஜமானைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. பழக்கமில்லாத, அதட்டுகிற நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. நம் கண்ணுக்கு இது சுலபத்தில் பிடிபடாது. ஆனால் எங்கள் தெரு நாய்களை இதற்காகவே நான் ரொம்ப நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது உண்மையா?

சுருண்ட வால் பிறவியிலேயே அப்படி. கட்டி வைத்தாலும் அவிழ்த்ததும் சுருளும். ஆனால் கோவில்பட்டிக் கரிசலுக்குப் போய் சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ பாருங்கள். சாட்டை மாதிரி மெலிந்த நீள வால், நுனியில் லேசான வளைவு மட்டும்தான். முயலைத் துரத்தி முழுவேகத்தில் திரும்பும்போது அந்த வால்தான் அதற்குச் சுக்கான். திருந்தாத மனுஷனைச் சொல்ல நாயின் வாலை இழுக்கிறோம். நாயிடம் திருத்த வேண்டிய குற்றம் ஒன்றும் இல்லை.

அழகுக்காக நாய்க்குட்டியின் வாலை வெட்டித் தருவீர்களா?

மாட்டேன். வேலையில் இருந்த காலத்திலும் செய்ததில்லை. டாக்டர்களிடமும் கேட்காதீர்கள். புண், கட்டி, அழுகல் என்று வைத்திய காரணம் இருந்தால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். வால் இல்லாத நாயால் மற்ற நாயிடம் "நான் சண்டைக்கு வரவில்லை" என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியாது.

இதோடு ஒன்று. ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஒரு குட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாலு மாசம் இருக்கும். வாலில் சரவெடியைக் கட்டிப் பற்ற வைத்திருக்கிறார்கள் தெருப் பையன்கள். வாலின் பாதி கருகி, தொடை வெந்து, காது கேட்காமல் நின்றது. டாக்டர் வாலை எடுத்துவிட்டார். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அந்தக் குட்டி மிச்சமிருந்த அந்த மூணு விரல் வாலை ஆட்டியது. என்னைப் பார்த்துத்தான் ஆட்டியது. பிள்ளைகளிடம் தீபாவளிக்கு முந்தின நாளே உட்கார்ந்து பேசுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பல்லி வால் அறுந்து துடிக்கிறதே, அதற்கு உயிர் இருக்கிறதா?

வாலுக்குள் இருக்கிற நரம்பும் தசையும் கொஞ்ச நேரம் தானாக வேலை செய்கின்றன. பூனை அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி தப்பித்துவிடும். பிய்ந்துபோன மாதிரித் தெரிந்தாலும், வால் எலும்புக்குள்ளேயே முறிவதற்கென்று இடம் அமைந்திருக்கிறது. அங்கே முறிந்தால் ரத்தமும் அதிகம் வராது.

திரும்ப முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குச்சிதான் இருக்கும். நிறமும் மாறும், கட்டையாகவும் இருக்கும். வாலில்தான் பல்லி கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. அதனால் வாலை இழந்தது பல்லிக்குப் பெரிய நஷ்டம். விளையாட்டுக்கு அடிக்காதீர்கள். ஓணானுக்கு இந்த வசதி கிடையாது. ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்கிற பையன்களிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், அரணை நக்கினால் மரணம் என்பதும் பொய். அரணைக்கு விஷம் இல்லை.

தேளுக்கு வால், மயிலுக்கு வால் என்று சொல்லலாமா?

தமிழ் இதில் கெட்டிக்காரத்தனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தேளுக்குக் கொடுக்கு, மயிலுக்குத் தோகை. தேளின் முதுகுக்கு மேல் வளைந்து நிற்பது உண்மையில் அதன் வயிற்றின் நீட்சி. குடலும் அதற்குள் ஓடுகிறது, மலம் கழிக்கிற வாயும் விஷமுள்ளுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. மயில் விரித்து ஆடுகிறதே, அதுவும் வால் இல்லை. வாலுக்கு மேலே முளைக்கிற இறகுகள் அவை. ஆடும்போது பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். மங்கலான பழுப்பு நிறத்தில் 20 இறகு கொண்ட குட்டை வால் ஒன்று தோகைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மயில் வருகிறது, பார்ப்பது சுலபம். ஆடும் காலம் முடிந்தால் தோகை தானாக உதிரும். மறு வருஷம் முளைக்கும்.

குறும்புப் பிள்ளையை "வாலு" என்பது ஏன்? திருநெல்வேலியில் எல்லோரையும் "வாலே" என்கிறார்களே?

இரண்டும் வேறு வேறு. நெல்லையில் "இங்கன வாலே" என்றால் "வா" என்பதோடு "லே" சேர்ந்திருக்கிறது. ஏலே, என்னலே, போலே மாதிரி. வயசில் சின்னவனை, கூட்டாளியை உரிமையாகக் கூப்பிடுவது. மெட்ராஸிலிருந்து மருமகளாக வந்த பெண் ஒருத்தி, மாமனார் கொழுந்தனை "வாலே, சாப்பிட வாலே" என்றதைக் கேட்டு, இவ்வளவு பெரிய ஆளையும் வாலு என்கிறாரே என்று நினைத்திருக்கிறாள். பெரியவர்களிடம் "லே" வராது. "வாங்க அண்ணாச்சி"தான்.

சேட்டைக்காரப் பிள்ளை "வாலு" ஆனது குரங்கை நினைத்து. அதிலும் மிஞ்சியவன் "அறுந்த வாலு". "என்கிட்ட வாலாட்டாதே" என்றால் சேட்டையை என்னிடம் வைத்துக்கொள்ளாதே. "வாலை ஒட்ட நறுக்கிருவேன்" என்று ஆச்சி சொன்னால் பயப்பட வேண்டியதில்லை, கையில் பெரும்பாலும் முறுக்கு இருக்கும். ஒருவர் பின்னாலேயே காரியத்துக்காக ஒட்டிக்கொண்டு திரிவது வால்பிடிப்பது. இங்கே தொனி மாறிவிடுகிறது. "வாலு" என்பதில் செல்லம் இருக்கிறது, "வால்பிடி" என்பதில் மரியாதை போய்விடுகிறது. "தலை இருக்க வால் ஆடலாமா" என்றால் வீட்டில் பெரியவர் பேசும்போது சின்னவன் குறுக்கே விழுகிறான் என்று அர்த்தம். எனக்கு இந்தச் சொல்வடை அவ்வளவாகப் பிடிக்காது. சின்னவன் சொன்னது சரியாக இருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

வரிசை நீண்டால் "அனுமார் வால் மாதிரி" என்போம். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். அனுமார் வாலின் வேரிலிருந்து நுனி வரைக்கும் நாள்தோறும் சந்தனமும் குங்குமமும் வைத்து 48 நாள் வேண்டிக்கொள்கிற வழக்கமும் உண்டு. எங்கள் அம்மை என் தங்கச்சி கல்யாணத்துக்காக அப்படி ஒரு படத்தில் பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டு வைத்த அன்றைய அவள் முகம் எனக்கு மறக்காது.

குறளில் "வாலறிவன்" என்று வருகிறதே, அது என்ன வால்?

அந்த வால் வேறு. தூய்மை, வெண்மை என்று பொருள். வாலறிவன் தூய அறிவுடையவன். தீட்டைச் சொல்கிற "வாலாமை" என்ற பழைய சொல்லும் இதிலிருந்து வந்ததுதான், தூய்மை இல்லாமை.

திருக்கை வாலை வீட்டில் தொங்கவிட்டிருக்கிறார்களே?

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பார்க்கலாம். திருக்கை மீனின் வாலைக் காயவைத்துச் சவுக்கு செய்வார்கள். அரம் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். கண்ணேறு அண்டாது என்று மாட்டி வைப்பதும் உண்டு. பண்ணையில் வேலை செய்தவர்களை இந்த வாலால் அடித்த காலம் ஒன்றும் இருந்தது. அதைப் பார்க்கிறபோது எனக்கு அந்த ஞாபகமும் வருகிறது.

உயிரோடு இருக்கிற திருக்கையின் வாலில் ரம்பப் பல்லோடு விஷமுள் இருக்கிறது. குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும். முள் உள்ளே ஆழமாக மாட்டியிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மீன் வாங்குகிற விஷயமும் சேர்த்துச் சொல்கிறேன். சீலாவில் நடுத்துண்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். வால் துண்டு விலை குறைவு, சதை இறுகலாக இருக்கும். புளி விட்டுக் குழம்பு வைக்க எனக்கு அதுதான் இஷ்டம். விலாங்கு மீனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று. இரண்டு பக்கமும் நல்லவனாக நடிக்கிற ஆளுக்கு விலாங்கு என்ற ஒரு சொல் போதும்.

சிங்கவால் குரங்கை எங்கே பார்க்கலாம்? குற்றாலத்தில் இருப்பதா?

குற்றாலத்தில் உங்கள் கையிலிருக்கிற பொட்டலத்தைப் பிடுங்குவது நாட்டுக் குரங்கு. அதற்கு நீண்ட வால். சிங்கவால் குரங்கை நம் மலையில் சோலைமந்தி என்பார்கள். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, சின்ன வால், நுனியில் குஞ்சம். பிடரியைப் பார்த்துத்தான் சிங்கம் என்று பெயர் வந்தது என்று நினைப்பார்கள். குஞ்சம் வைத்த அந்த வாலுக்காக வந்த பெயர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது. இதைக் காப்பாற்றத்தான் 1976-ல் களக்காடு சரணாலயமே வந்தது. பிறகு முண்டந்துறையோடு சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆனது.

மரக்கிளை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கிற மழைக்காட்டில்தான் அது வாழும். தரைக்கு இறங்குவது அபூர்வம். காட்டை நடுவில் வெட்டி ரோடு போட்டால் இந்தப் பக்கத்துக் கூட்டமும் அந்தப் பக்கத்துக் கூட்டமும் பிரிந்துபோகும். செங்கல்தேரிக்கு ஒரு தடவை வேலையாகப் போனபோது உச்சிக்கிளையில் ஒரு குஞ்சம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அது மறைகிற வரை பேசாமல் நின்றோம். அதற்கு மேல் பார்க்க ஆசைப்படவில்லை. எந்தக் குரங்குக்கும் தீனி போடாதீர்கள்.

யானைவால் முடி மோதிரம் போட்டால் நல்லதா?

காட்டு உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி (1972) யானை முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம். விற்கிறவற்றில் நிறைய வெறும் பிளாஸ்டிக் நார். நிஜமாக இருந்தால் இன்னும் மோசம், எந்த யானையிடமிருந்து எப்படிப் பிடுங்கியது என்று தெரியாது. நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை 2025 ஜனவரியில் இறந்தபோது ஊரே அழுதது. அந்த வயசான உடம்பு ஈயை விரட்ட வாலைத்தான் நம்பியிருந்தது. அதில் ஒரு முடிகூட நமக்கு வேண்டாம்.

மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலையாமே? லட்சக்கணக்கில் போகுமாமே?

ஒரு தலைதான். வால் மழுங்கி, தலை மாதிரியே இருக்கும். எதிரி வந்தால் தலையை மணலில் புதைத்து வாலைத் தூக்கிக் காட்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும். லட்சம், கோடி என்று சொல்கிறவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார். பிடித்தாலும் விற்றாலும் கேஸ். எலியைத் தின்று நம்மைக் காப்பாற்றுகிற விஷமில்லாப் பாம்பு அது, விட்டுவிடுங்கள்.

குதிரைவாலிக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

கதிரின் தோற்றம்தான். கரிசல் காட்டில் மழையை மட்டும் நம்பி விளைகிற சிறுதானியம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் போனால் பார்க்கலாம். வால்மிளகும் அப்படித்தான். மிளகோடு ஒட்டியிருக்கிற காம்பு வால் மாதிரித் தெரிகிறது.

ஆற்றுக்குத் தலை என்கிறோம், வால் என்று ஏன் சொல்வதில்லை?

கடைமடை என்கிறோம். "கடை" என்ற சொல்லில் இருக்கிற ஏக்கம் "வால்" என்பதில் வராது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போய்க் கோரம்பள்ளம் குளத்தில் முடிகிறது. மேலே இருப்பவன் மூன்றாம் பூ, அதாவது மூன்றாம் போகம், கேட்கும்போது கீழே இருப்பவனுக்கு ஒரு பூவே சந்தேகம். அதே கடைமடைதான் 2023 டிசம்பர் மழையில் உடைந்து ஊருக்குள் புகுந்தது.

பெயருக்குப் பின்னால் சாதி வால் போடலாமா?

இந்தச் சொல்லை நான் உண்டாக்கவில்லை, தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பலர் அந்த வாலை அறுத்துப் போட்டார்கள். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார் தம் பெயருக்குப் பின்னால் இருந்ததை விட்டுவிட்டார். நம் அப்பா, தாத்தா காலத்தில் பெயரிலிருந்து போனது, இப்போது பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கயிறாகத் திரும்பி வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. நான் வேலை பார்த்த ஊர் அது. அந்தத் தெருவில் மாடு பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிற்றையும் பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதிப் பெயரையும் எடுக்கச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது.

மாட்டு வாலை வெட்டாதே, நாய் வாலை வெட்டாதே என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இதை வெட்டலாம். ரத்தம் வராது.

மனுஷனுக்கு வால் இருந்ததா?

அம்மா வயிற்றில் நாலைந்து வாரக் கருவாக இருந்தபோது உங்களுக்கும் இருந்தது. எட்டாவது வாரத்துக்குள் மறைந்துவிட்டது. மிச்சம் முதுகெலும்பின் அடியில் வால் எலும்பாக இருக்கிறது. படிக்கட்டில் வழுக்கி உட்கார்ந்தவர்களுக்கு அது எங்கே என்று நன்றாகத் தெரியும்.

எங்கள் பசு நிறைசினை. வாலைத் தூக்கியபடியே நிற்கிறது. டாக்டரை எப்போது கூப்பிடுவது?

வாலின் வேருக்கு இரண்டு பக்கமும் தசை தளர்ந்து குழி விழுந்திருந்தால் நாள் நெருங்கிவிட்டது. வாலைத் தூக்கி, படுத்து எழுந்து, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தால் வலி தொடங்கிவிட்டது. பனிக்குடம் தெரிந்து இரண்டு மணி நேரத்துக்குள் கன்று வர வேண்டும். முதலில் இரண்டு முன்னங்கால், அதன்மேல் மூக்கு வந்தால் சரியான நிலை. அவசரப்பட்டு இழுக்காதீர்கள்.

வால் மட்டும் தெரிந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். கன்று பின்பக்கமாகத் திரும்பி, கால்கள் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்படியே வெளியே வர முடியாது. டாக்டரைக் கூப்பிடுங்கள், 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். யாரும் வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது.

பத்தமடைப் பக்கம் ஒரு மார்கழி ராத்திரியில் அப்படி ஒன்று. ஒற்றை பல்பு வெளிச்சம், ஈரச் சாக்கு, வாளியில் வெந்நீர். வெளியே ஒரு சாண் வால் மட்டும் தொங்குகிறது. அந்த வீட்டுப் பெரியம்மை பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். டாக்டர் தோள் வரை கையை விட்டு, கன்றை உள்ளே தள்ளி, ஒவ்வொரு பின்னங்காலாக மடக்கி எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. கன்று விழுந்தபோது மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் மாரைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு தும்மல் வந்தது.

விடிகிற நேரத்தில் எழுந்து நின்று, நாலு காலும் நடுங்க மடியைத் தேடிப்போய்க் காம்பைப் பிடித்துவிட்டது. பால் இறங்கியதும் அந்த வால், ராத்திரி முழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே வால், படபடவென்று ஆட ஆரம்பித்தது.